இரண்டு சான்றிதழ்களுக்கு நடுவே: இறையியல் கல்லூரிச் சேர்க்கையும் தலித் கிறிஸ்தவ மாணவரும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவில் இறையியல் கல்லூரிச் சேர்க்கை விதிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். துறவு மடத்துக்குள் போன தலித் பெண் அங்கே எதைப் பார்த்தார், ஏன் வெளியே வந்தார் என்பதையும் அறிவோம். உள்ளே போனபின் நடப்பதைப் பற்றி நம் இலக்கியம் பேசியிருக்கிறது. வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இன்று அதைப் பேசுவோம். கத்தோலிக்க குருமடங்களின் முறை வேறு. நான் சொல்லப்போவது புரொட்டஸ்டன்ட் திருச்சபைகளின் இறையியல் கல்லூரிகளைப் பற்றி.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். வங்காளத்தில் செராம்பூர் கல்லூரியை 1818இல் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் தொடங்கினார்கள். செராம்பூர் அப்போது டென்மார்க் நாட்டின் ஆளுகையில் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் மன்னர் சாசனமாகக் கொடுத்தார். பின்னர் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செனட் அமைப்பு உருவானது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி போன்றவை இந்த செனட்டோடு இணைந்தவை. பாடத்திட்டமும் பட்டமும் செராம்பூருடையவை. மாணவரைத் தேர்ந்தெடுப்பது பெரிதும் கல்லூரியும் திருச்சபையும்.

படிநிலை இது. பி.டி. என்பது பெயரில் இளநிலைப் பட்டம்தான். ஆனால் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள் பொதுவாக நான்கு ஆண்டுகள் படிக்கும் படிப்பு அது. ஆயராக அபிஷேகம் பெற வழக்கமாகக் கேட்கப்படும் தகுதியும் அதுவே. அதன்மேல் எம்.டிஎச்., இரண்டு ஆண்டு. அதற்கும் மேலே முனைவர் பட்டம்.

பி.டி. சேர்க்கைக்கு என்ன கேட்கிறார்கள்? பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஞானஸ்நானச் சான்றிதழ், சபை ஆயரின் நற்சான்று, திருமண்டலம் அல்லது திருச்சபையின் பரிந்துரை, மருத்துவச் சான்று. தன் அழைப்பைப் பற்றி விண்ணப்பதாரர் எழுதும் சிறு கட்டுரையையும் பல இடங்களில் கேட்பார்கள். பிறகு வேத அறிவு, பொது அறிவு, மொழி ஆகியவற்றில் நுழைவுத் தேர்வு, கடைசியில் நேர்காணல். பார்க்கச் சாதாரணப் பட்டியல். ‘உன் சாதி என்ன?’ என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு தாள்கள் நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கனமானவை. ஒன்று ஞானஸ்நானச் சான்றிதழ். இன்னொன்று பரிந்துரைக் கடிதம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மாநில அரசின் சில கல்வி உதவிகள் அவர்களுக்கும் கிடைக்கின்றன. ஆனால் பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. தெருவில் சாதி மாறவில்லை, தாளில் மட்டும் மாறிவிட்டது.

இதன் விளைவாக எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாமுவேல், திங்கட்கிழமை சுப்பிரமணி. இதைப் பொய் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஒரே பிள்ளைக்கு விசுவாசமும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்று நினைத்த தாய் தகப்பனுக்குச் சட்டம் விட்டுவைத்த வழி அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளைக்கு இறையியல் படிக்க ஆசை வந்தால் என்ன ஆகும்? பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று கல்லூரிக்கு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், தான் கிறிஸ்தவர் என்பதை எழுத்தில் உறுதிசெய்கிறார். அதனால் தன் சாதிச் சான்றிதழ் கேள்விக்குள்ளாகலாம். ஒரே வீட்டில் இருக்கும் தம்பி தங்கையின் சான்றிதழும் விசாரணைக்கு வரலாம். அண்ணன் ஊழியத்துக்குப் போவதா, தங்கை செவிலியர் படிப்பில் சேர்வதா என்று அந்த வீடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. வேறு சமூகத்து விண்ணப்பதாரருக்கு இது ஆயரிடம் போய் ஐந்து நிமிடத்தில் வாங்கிவரும் தாள். நமக்கு ஒரு குடும்பத்தின் எதிர்காலம்.

இரண்டாவது, பரிந்துரை. திருச்சபையின் பரிந்துரை என்றால் பெரும்பாலும் படிப்புச் செலவில் ஒரு பங்கும், முடித்தபின் பணியிடமும் சேர்ந்து வரும். பரிந்துரை இல்லாமல் தனி மாணவராகச் சேரவும் சில கல்லூரிகள் இடம் தருகின்றன. ஆனால் அபிஷேகத்துக்கு உறுதி கிடையாது, செலவும் தன்னுடையது. ஆகவே உண்மையான வாசல் கல்லூரியில் இல்லை, திருமண்டல அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே குழுக்கள் தேர்தலில் வருகின்றன. தேர்தலில் சாதி வருகிறது. பெண் பிள்ளை என்றால் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: ‘கல்யாணம் ஆனபின் என்ன செய்வாய்?’

இது புதிய கதை அல்ல. இந்தியாவில் முதன்முதலாக அபிஷேகம் பெற்ற புரொட்டஸ்டன்ட் ஆயர் ஆரோன், 1733இல், தரங்கம்பாடியில். அவர் வேளாளர். அடுத்தவர் யார் என்று மிஷனரிகள் ஆலோசித்தபோது ராஜநாயக்கன் பெயர் முன்னுக்கு வந்தது. தஞ்சாவூரில் படைவீரராக இருந்தவர்; உபதேசியாராகப் பல சபைகளை வளர்த்தவர்; பறையர். வேதம் தெரியாதவர், ஊழியம் செய்யாதவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்பதே தடை. 1741இல் வேளாளரான தியோகு அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். எழுதப்பட்ட தகுதி எல்லாம் இருந்தும் எழுதப்படாத தகுதி ஒன்றால் அவர் நிறுத்தப்பட்டார்.

அடுத்த படி எம்.டிஎச். இதற்கு வழக்கமாகக் கேட்பது, குறைந்தது இரண்டாம் வகுப்பில் பி.டி. தேர்ச்சி, நுழைவுத் தேர்வு, ஊழிய அனுபவம், மீண்டும் திருச்சபையின் ஒப்புதல். பழைய ஏற்பாட்டுத் துறைக்கு எபிரேயமும் புதிய ஏற்பாட்டுத் துறைக்கு கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மொழி குறுக்கே நிற்கிறது. அரசரடிக் கல்லூரி பி.டி. பாடங்களைத் தமிழில் கற்பித்தது பெரிய காரியம். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த நம் பிள்ளைகள் இறையியலைச் சொந்த மொழியில் சிந்திக்க அது வழி திறந்தது. ஆனால் மேற்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிரேக்கமும் எபிரேயமும் எல்லா மாணவருக்கும் புதியவை. அதில் நம் பிள்ளைகள் சமமாகவே தொடங்குகிறார்கள். பின்தங்குவது ஆங்கிலத்தில்தான்.

இதையெல்லாம் மீறி உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய ஓர் உரையிலிருந்து தலித் இறையியலின் வரலாறு தொடங்குகிறது என்பார்கள். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தம் முன்னோரின் அடிமை வாழ்வை அறிக்கையிடுவதைப் போல, தலித்துகளும் தம் கதையையே விசுவாச அறிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று அவர் வாதிட்டார். பின்னர் குருகுல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அரசரடியில் பரட்டை என்று நாம் அன்போடு அழைத்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதை இறையியலாக விளக்கினார். 2005இல் மறையும்வரை அவர் அதை விடவில்லை. ஒருவர் உள்ளே போனதால் பாடத்திட்டமே மாறியது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு எத்தனை நூல்கள், எத்தனை பாடல்கள் போயின என்பதை நம்மால் கணக்கிட முடியாது.

முடிவாகச் சில நடைமுறைக் காரியங்கள். இறையியல் படிக்க எண்ணும் இளைஞர்கள் கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழ்களில் பெயர், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பெயர் வேறுபட்டால் நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்கும் முன், அதனால் குடும்பத்துக்கு என்ன வரும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பரிந்துரைக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் தினமும் நான்கு பக்கம் வாசியுங்கள்.

திருச்சபைகளிடம் நாம் கேட்பது மூன்று. யாருக்குப் பரிந்துரை கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சட்டம் உண்டாக்கிய இரட்டைப் பெயருக்காக விண்ணப்பதாரரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுத விடச்சொல்லி செனட்டிடம் வாதாடுங்கள்.

நம் மன்றமும் ஒன்று செய்யலாம். விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். இன்று நாம் நினைவுகூரும் ஐயா தம் வீட்டுத் திண்ணையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எங்களில் பலருடைய முதல் விண்ணப்பம் அவருடைய கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்தத் திண்ணை காலியாகக் கிடக்கக் கூடாது.