பளிச்சிட மறுத்த விளக்கு

ராஜபாளையத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அவ்வூரின் பெயரையே இனப்பெயராகக் கொண்ட, பால் போன்ற வெண்ணிற வேட்டை நாய். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலைகள் வெளியிட்டபோது, அவற்றுள் இவ்வினமும் இடம்பெற்றது. நண்பரின் நாய்க்குப் பதின்மூன்று வயது. நடை தளர்ந்து, தீனியும் குறைந்துவிட்டது. "மாமா, நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கே வாருங்கள்" என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் அழைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறி, மாலையில் போய்ச் சேர்ந்தேன்.

அவள் முன்பு எடுத்த படங்களில் நாயின் கண்கள் தணல்போல் எரிந்தன. காரணம் என்ன? நாயின் விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க அது உதவுகிறது. பிளாஷ் விளக்கு காமிராவின் தலைமேல் இருந்தால், கண்ணுக்குள் புகுந்த ஒளி வந்த வழியே திரும்பி லென்ஸுக்குள் நுழையும். பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால், திரும்பும் ஒளி பிளாஷை நோக்கியே போய்விடும்.

ஆனால், தள்ளி நிற்கும் பிளாஷுக்குக் காமிரா திறக்கும் கணம் எப்படித் தெரியும்? அதற்குத்தான் கம்பியில்லா ட்ரிகர். காமிராவின் மேல் ஓர் அலைபரப்பி, பிளாஷின் அடியில் ஓர் அலைவாங்கி. இடையே செல்வது ரேடியோ அலை. இந்த எண்ணம் புதிதன்று. 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் காட்டினார்.

எல்லாவற்றையும் பொருத்தினோம். அவள் பொத்தானை அழுத்தினாள். பிளாஷ் வாய் திறக்கவில்லை. நாய் எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது.

மூன்று பொத்தான்கள்

"பேட்டரியை மாற்றலாமா, சேனலை மாற்றலாமா?" என்று அவள் பரபரத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றி, விளக்கும் எரிந்துவிட்டால், எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். விரலிலிருந்து விளக்குவரை உள்ளது ஒரு சங்கிலி: காமிரா, அதன் தலையிலுள்ள உலோகத் தொடுமுனை, அலைபரப்பி, ரேடியோ அலை, அலைவாங்கி, பிளாஷ். அறுந்த கண்ணி எது?

முதலில் பிளாஷிலேயே உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினோம். பளிச்! பேட்டரியும், மின்தேக்கியும், செனான் குழலும் நலம். அடுத்து அலைபரப்பியின் சோதனைப் பொத்தான். மீண்டும் பளிச்! ஆகவே சேனல், ரேடியோ அலை, அலைவாங்கி எல்லாம் நலம். மூன்றாவது, காமிராவின் பொத்தான். இருட்டு. இரண்டே சோதனைகளில் சங்கிலியின் பெரும்பகுதி சந்தேகத்திலிருந்து விடுபட்டது. மிஞ்சியவை காமிராவும் தொடுமுனையும்.

தொடுமுனையை உலர்ந்த துணியால் துடைத்து, அலைபரப்பியை இறுதிவரை தள்ளிப் பூட்டினோம். பயனில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் பொத்தானை அழுத்தும்போது காமிராவிலிருந்து 'கிளிக்' என்ற ஓசையே எழவில்லை. "சத்தம் கேட்டால் அது மிரளும் மாமா. அதனால் ஓசையில்லா முறையில் வைத்தேன்" என்றாள். குற்றவாளி அகப்பட்டான்! அம்முறையில் உணரி படத்தை வரிவரியாகப் படிக்கிறது. படம் முழுவதும் ஒருசேர ஒளிபெறும் கணம் கிடைப்பதில்லை. எனவே பல காமிராக்கள் அப்போது பிளாஷுக்குக் கட்டளையே அனுப்புவதில்லை. முறையை மாற்றினோம். பிளாஷ் எரிந்தது. நாய் ஓசைக்குப் பழக, பத்து முறை வெறுமனே அழுத்திப் பிஸ்கட் கொடுத்தாள்.

கறுப்புப் பட்டை

படத்தைப் பார்த்தால், பாதி கறுப்பு! அவள் 1/1000 நொடி வேகம் வைத்திருந்தாள். காமிராவின் ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை திறக்க, இரண்டாவது மூடுகிறது. ஏறத்தாழ 1/200 நொடிவரை, முதல் திரை முழுதும் திறந்த பிறகே இரண்டாவது புறப்படும். அதைவிட வேகமானால், முதல் திரை ஓடி முடிவதற்குள் இரண்டாவது துரத்தத் தொடங்குகிறது. அப்போது திறந்திருப்பது ஓர் இடுக்கு மட்டுமே. கணநேரமே மின்னும் பிளாஷ் அந்த இடுக்கின் வழியே தெரிந்த பகுதிக்கு மட்டும் ஒளி தருகிறது. 1/200-க்கு இறக்கியதும் பட்டை மறைந்தது.

நடுவில் நின்றவர்

இனி ஒரு தொல்லை. மூன்று படத்துக்கு ஒரு முறை பிளாஷ் தவறியது. எப்போது என்று குறித்து வைத்தோம். நாயைத் தடவிக்கொடுக்க நண்பர் குறுக்கே வந்து உட்கார்ந்தபோதெல்லாம்! எங்கள் ட்ரிகரின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் வருகிறது. நம் உடலில் பெரும்பகுதி நீர். அது இவ்வலைகளை உட்கவர்கிறது. அறைக்குள் என்றால் சுவர்களில் பட்டு எதிரொளித்து வேறு வழியில் அலை போய்ச் சேரும். திறந்த முற்றத்தில் அந்த உதவி இல்லை. போதாக்குறைக்கு, பிளாஷ் தரையில் இரும்புக் கதவோரம் இருந்தது. அதைக் கதவிலிருந்து விலக்கி, ஒரு ஸ்டூலின் மேல் உயர்த்தினோம். பிறகு தவறவே இல்லை.

முன்பு நான் ஒளியால் இயங்கும் ட்ரிகர் வைத்திருந்தேன். ஒரு பிளாஷின் மின்னலைக் கண்டு மற்றொன்று எரியும் வகை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு திருமணத்தில், மண்டபத்துக்குள் விருந்தினரின் பிளாஷ்களுக்கெல்லாம் அது எரிந்து தீர்த்தது. நண்பகலில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைப் பின்னணியாக வைத்து மணமக்களை எடுத்தபோதோ, வெயிலில் அதன் கண் கூசி, எரியவே இல்லை. ஒவ்வொரு வகைக்கும் அதனதன் நோய்!

ஓர் எச்சரிக்கை. பிளாஷ் பழுதானால் நீங்கள் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பேட்டரியை எடுத்த பின்னும் அது நெடுநேரம் தங்கும்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் டார்ச் விளக்கு எரியாவிட்டால் தட்டிப் பார்க்காதீர்கள். அதையும் ஒரு சங்கிலியாக எண்ணி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதும் இதுதான்.

அன்று இருட்டுவதற்குள் நல்ல படம் ஒன்று கிடைத்தது. நாய் தலையை நிமிர்த்திப் பார்க்கிறது. கண்கள் தெளிவாக இருக்கின்றன. அடுத்த மாதம் அது இறந்துவிட்டது. படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.