கமாகுராவிற் கண்ட புத்தர் பெருமான்

சென்ற வசந்த காலத்தில் யாம் எம் தாயாரோடும் புதல்வனோடும் ஜப்பான் தேசத்திற்குப் பிரயாணஞ் செய்திருந்தோம். அப்போது ஒரு நாட் காலையில், தோக்கியோ மாநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்திற் கடலோரமாக உள்ள கமாகுரா என்னும் பழைய நகருக்குச் சென்றோம். அங்குள்ள கோத்தோக்கு-யின் என்னும் பௌத்த மடாலயத்தில், கூரையின்றித் திறந்த வெளியில் வீற்றிருக்கும் வெண்கலப் புத்தர் உருவம் உலகறிந்தது. அதனைப் பற்றி யாம் கண்டதையும் கேட்டறிந்ததையும் நம் கல்லூரி அன்பர்க்குச் சுருங்கக் கூறுவோம்.

ஹாஸே புகைவண்டி நிலையத்தினின்று சிறிது நேர நடையில் மடாலய வாயிலை அடையலாம். உள்ளே சென்றதும், சற்றே முன் குனிந்த திருமுகமொன்று நம்மை நோக்குகிறது. இது சாக்கிய முனிவர் உருவமன்று. மேற்றிசையிலுள்ள சுகாவதி என்னும் இன்பவுலகின் தலைவராகப் பௌத்தர் போற்றும் அமிதாப புத்தருடையது. உருவத்தின் உயரம் சுமார் 11.3 மீட்டர், பீடத்தோடு 13 மீட்டருக்கு மேற்படும். நிறை ஏறக்குறைய 121 டன். முன்னாளில் ஒட்டப்பெற்ற பொன்னின் சுவடு காதருகே இன்றும் சிறிது தெரிகிறது.

முதலில் மரத்தாலான ஓர் உருவமே இங்கு இருந்தது. ஜோக்கோ என்னுந் துறவி பலரிடமும் பொருள் திரட்டிச் செய்வித்த அது 1243-இல் முற்றுப்பெற்றது. வெண்கல உருவத்தை வார்க்கும் வேலை 1252-இல் தொடங்கியது. இத்துணைப் பெரிய உருவத்தை ஒரே முறையில் வார்த்தல் இயலாது. ஆதலின் கம்மியர் அடிப்பாகத்தை முதலில் வார்த்து, அதன்மேல் அடுத்த அடுக்கை வார்த்து, இவ்வாறே தலைவரை ஏற்றினர். அடுக்குகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும்படி இணைப்புக்களையும் வகுத்தனர். உலோகத்தை ஆராய்ந்த அறிஞர், சீனத்துச் செப்புக் காசுகளை உருக்கியே இது செய்யப்பட்டிருக்க வேண்டுமெனக் கருதுகின்றனர்.

உருவத்தின் உட்புறம் வெற்றிடமாகும். சிறு கட்டணஞ் செலுத்தி எவரும் உள்ளே செல்லலாம். அங்கே அடுக்குகள் கூடிய வரிகளை எம் புதல்வன் கையால் தடவிப் பார்த்து மகிழ்ந்தான்.

வெளியே வந்தபோது, உருவத்தைச் சுற்றிலும் பெரிய கற்கள் கிடப்பதை எம் தாயார் கண்டு, அவை யாவையென வினவினார். ஒரு காலத்தில் இவ்வுருவத்தைச் சூழ்ந்து ஒரு பெரிய மர மண்டபம் இருந்தது. அதன் தூண்களைத் தாங்கிய அடிக்கற்களே அவை. 1334-இலும் 1369-இலும் புயலால் மண்டபம் கேடுற்றதென்றும், 1498-இல் நிலநடுக்கத்தோடு எழுந்த ஆழிப்பேரலை எஞ்சியதை அழித்ததென்றும் வழிவழியாகக் கூறுவர். இதனைக் கேட்ட தாயார் ஒன்றும் பேசாது அருகிருந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்டார். நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்த அவரது வீட்டை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் தேதி கடல் கொண்டுபோயிற்று.

சிறிது நேரங்கழித்து, "மண்டபம் போயும் இவர் மாத்திரம் எப்படி நிலைத்தார்?" என்று கேட்டார்.

"கனந்தான் காரணம், பாட்டி!" என்றான் சிறுவன்.

யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் கனம் மாத்திரம் காரணமன்று. 1923-ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்திற் பீடம் சிதைந்தது. உருவமும் இடம் பெயர்ந்தது. 1925-இற் பீடத்தைச் செப்பனிட்டனர். 1960-61-இல் கழுத்தை உட்புறமிருந்து வலுப்படுத்தியதோடு, நிலம் அதிரும்போது உருவம் முறியாமற் பீடத்தின்மேற் சிறிது நழுவிக்கொடுக்கும்படியும் அமைத்தனர். 2016-இல் மீண்டும் முழுவதும் சோதித்துத் தூய்மை செய்தனர். ஒவ்வொரு தலைமுறையினரும் கைவைத்துப் பேணியதனாலேயே இவ்வுருவம் இன்றும் நிற்கிறது.

இவற்றையெல்லாம் யாம் எடுத்துரைக்கக் கேட்ட தாயார், "நம் வீட்டையும் ஊரார் கைகொடுத்தல்லவா மறுபடி எழுப்பினோம்?" என்றார். பின்னர் எழுந்து, சிறுவன் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வடிக்கற்களை ஒருமுறை சுற்றிவந்தார்.

அன்பர்கள் அந்நகருக்குச் செல்ல நேருமாயின், திருமுகத்தை மாத்திரம் கண்டு மீளாமல், உள்ளே புகுந்து வலுப்படுத்திய கழுத்தையும், வெளியே கிடக்கும் அடிக்கற்களையும் நின்று பார்த்து வருவாராக.