நிறுவனம் சாரா ஸகாத் வழங்கல்: இந்தோனேசியாவை முன்வைத்து

ஸகாத் இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. நிஸாப் எனும் வரம்பை எட்டிய பொன், பணம், வணிகப் பொருள் ஆகியவை ஓராண்டு உடைமையில் இருப்பின், அவற்றில் 2.5 விழுக்காடு உரியவர்க்குச் சேர வேண்டும். பெறுதற்குரியோரைத் திருக்குர்ஆன் (9:60) எட்டு வகையினராகச் சுட்டுகிறது. ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளராகிய ஆமில்களும் அவருள் அடங்குவர். ஆகவே, அமைப்புவழி வழங்கலுக்கு மூலநூலிலேயே இடமுண்டு. ஆயினும், கொடுப்பவர் கையிலிருந்து பெறுபவர் கைக்கு ஸகாத் நேரடியாகச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவ்வழக்கத்தின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நேரடி வழங்கல் சமயச் சட்ட மரபுக்குப் புறம்பானதன்று. கால்நடை, விளைச்சல் ஆகியவற்றை வெளிப்படைச் செல்வம் என்றும், பொன், வெள்ளி, வணிகப் பொருள் ஆகியவற்றை மறைவுச் செல்வம் என்றும் சட்ட அறிஞர் பகுப்பர். மறைவுச் செல்வத்தின் ஸகாத்தை உடையவரே பங்கிடலாம் என்பது இந்தோனேசிய முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மரபின் நிலைப்பாடு. தாம் பராமரிக்கக் கடமைப்படாத ஏழை உறவினர்க்குக் கொடுப்பது சிறப்பு எனவும், கொடுக்கும்போது அது ஸகாத் என அறிவிக்க வேண்டியதில்லை எனவும் அம்மரபு கருதுகிறது. இதனால் பெறுபவரின் மானம் காக்கப்படுகிறது. சிற்றூர்களில் கியாய் எனப்படும் சமய ஆசிரியரும் பள்ளிவாசல் பொறுப்பாளரும் இடைநின்று பங்கிடுவதுண்டு. எவ்வீட்டில் கடன், எவ்வீட்டில் நோய் என்பதை அவர்கள் அறிவர். பதிவேட்டின் பணியை இங்கு அறிமுகமே செய்கிறது.

அவ்வறிமுகம் அற்றுப்போகுமிடத்து இம்முறை நிலைகுலைகிறது. 2008 செப்டம்பர் 15 அன்று, கிழக்கு ஜாவாவின் பாசுருவானில் செல்வந்தர் ஒருவரின் இல்லத்தில் தலைக்கு 30,000 ரூபியா வழங்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்ட நெரிசலில் 21 பெண்கள் உயிரிழந்தனர். அங்கு நிகழ்ந்ததும் நேரடி வழங்கலே. ஆனால் பெறுபவர் அறிந்த அண்டை வீட்டாராக அன்றி, முகமறியாக் கூட்டமாக நின்றனர்.

2011ஆம் ஆண்டின் 23ஆம் எண் சட்டம் ஸகாத் நிருவாகத்தைத் தேசிய வாரியமான பஸ்னாஸின்கீழ் ஒருங்கிணைத்தது. அனுமதியின்றி ஆமிலாகச் செயற்படுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ 5 கோடி ரூபியா வரை தண்டமோ விதிக்க அது வழிசெய்தது. இது மரபுவழி ஆமில்களைக் குற்றவாளிகளாக்கும் என்னும் முறையீட்டின்மீது அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அனுமதி பெற்ற அமைப்புகள் எட்டாத பகுதிகளில், உரிய அலுவலர்க்குத் தெரிவித்துவிட்டு, சமய அறிஞரும் பள்ளிவாசல் பொறுப்பாளரும் இப்பணியைத் தொடரலாம் என அது வரையறுத்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், முறைசார்ந்தது, முறைசாராதது என்னும் பகுப்பு மட்டும் போதாது என்பது புலனாகும். பெறுபவரை அறிந்து கொடுத்தலே நேரடி வழங்கலின் ஒழுங்கு. அதன் குறையும் அதுவே: எவர்க்கும் அறிமுகமற்ற ஏழை அவ்வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். அவரைத் தேடிச் சென்றடைவதே நிறுவனத்தின் முதற்பணியாதல் வேண்டும்.