பன்றி ரூபாய்

ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் உருவம் தாங்கி 1911-இல் வெளிவந்த, ஒரு தோலா எடையுள்ள வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் வைத்து, அவருடைய அங்கியின் மார்புப் பகுதியைப் பூதக்கண்ணாடியால் உற்று நோக்கினால், அங்கே பொறித்திருக்கும் சின்னஞ்சிறு யானை, துதிக்கை குட்டையாய்ப் போனமையால், பன்றியைப் போலவே தோன்றும். ஜனங்கள் அதைக் கண்டு மனம் புண்பட்டனர் என்பதறிந்த அரசாங்கம், அந்த நாணயத்தை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் துதிக்கையைத் திருத்திப் புதிய அச்சில் வெளியிட்டது. உருக்கும் உலைக்குத் தப்பியவையே சேகரிப்போர் இன்று தேடியலையும் ‘பன்றி ரூபாய்’.

அபூர்வம் என்பது பாதி விஷயந்தான்; என்னைக் கேட்டால், மறுபாதியாகிய ஸ்திதியே பெரிது. அக்கசாலையில் அச்சு அழுந்தும் கணத்தில் வெள்ளியானது ஓரம் நோக்கி நுண்ணிய ரேகைகளாய்ப் பரவுகிறது. நாணயத்தை விளக்கடியில் சாய்க்கச் சாய்க்க, அந்த ரேகைகளில் சக்கரத்தின் ஆரங்களைப் போல் ஒளி சுழன்று வருவதே கைபடாத நாணயத்தின் லட்சணம். 1 முதல் 70 வரை தரமிடும் ஷெல்டன் அளவுகோலில் இத்தகையவை 60-இலிருந்து தொடங்குகின்றன.

மேலே படிந்த கருமையோ அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடியதால் உண்டான மெல்லிய படலம். குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் துலக்குகிற பழக்கத்தில் இதையும் விபூதியிட்டுத் தேய்த்துவிட்டால், ரேகைகள் அழிந்துபோகும்; பிறகு எந்த வித்தையாலும் அவை திரும்பா, விலையும் சரிந்துவிடும். ஆகையால், பாட்டியின் பெட்டியில் அத்தகைய ரூபாய் அகப்பட்டால், விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். விபூதிச் சம்புடத்தை அதன் அருகே அண்டவிடாதீர்கள்.