பேட்ச் மீட் கணக்கு: 60 பெயர், 40 வருகை

பொருளாளர் பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் "இந்த வருஷம் மகாபலிபுரத்துல வச்சுக்கலாம்" என்று ஒருவர் போடுவார். பத்து நிமிடத்தில் முப்பது கட்டைவிரல் வரிசையாக விழும். "பணத்தை யார் பாத்துக்கறது?" என்ற அடுத்த கேள்விக்கு அரை மணி நேரம் சத்தமே இருக்காது. அந்த அமைதியில்தான் என் பெயர் அடிபட்டது.

நீளவாக்கு நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 60 பெயர் எழுதினேன். பக்கத்தில் நான்கு பத்தி: வருகிறார், வரவில்லை, கட்டினார், பாக்கி. அந்த நோட்டு சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எண்களாக வைக்கிறேன். அறை, சாப்பாடு, பஸ் விலைகள் மாதிரிக்காகப் போட்டவை. உங்கள் பேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரி, கட்டணம், சட்டம் சார்ந்த எண்கள் நிஜமானவை.

ஆள் சேர்ந்த கதை

நோட்டில் உள்ள 60 பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடும் சங்கங்களுக்கு வயது 250-ஐத் தொடுகிறது. மூத்ததான பை பீட்டா கப்பா, வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5-ல் தொடங்கியது. பின்னால் வந்த சகோதரச் சங்கங்கள் தாங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன, சந்தா வாங்குகின்றன, தனி வீடு வைத்திருக்கின்றன. நம்மிடம் அதற்கு நெருங்கிய சொந்தம் ஹாஸ்டல்தான். இங்கே ஆளைச் சேர்ப்பது வார்டன் ஒட்டும் அறைப் பட்டியல். சந்தா என்பது மெஸ் பில்.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு நல்ல உதாரணம் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837-ல் பள்ளியாக ஆரம்பித்து, நூறாண்டு சென்னை நகரத்துக்குள் இருந்துவிட்டு, 1937-ல் தாம்பரம் காட்டுக்கு வந்தது. 1931-லேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால் ஊருக்கு வெளியே போவது சாத்தியமாயிற்று. செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஆண்களுக்கு மூன்று ஹாஸ்டல். மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்று பெண்களுக்கு மூன்று. அங்கே படித்தவர்கள் சந்தித்தால் "எந்த டிபார்ட்மென்ட்?" என்பதற்கு முன்பே "எந்த ஹால்?" வந்துவிடும்.

மாவட்டம் 2019 நவம்பர் 29-ல் பிறந்தது. கல்லூரிகள் அதைவிட மூத்தவை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக்கான அரசுக் கல்லூரி 1957-ல் வந்தது. சிற்பக் கல்லூரிக்காரர்களுக்கு பேட்ச் மீட் என்று தனியாக ஒன்று தேவைப்படாது. பலர் அதே ஊர்ப் பட்டறைகளில் உளி பிடிக்கிறார்கள், டீக்கடையிலேயே சந்தித்துக்கொள்ளலாம். மற்ற நமக்கெல்லாம் அறை எடுக்க வேண்டியிருக்கிறது.

பற்று

60 பேரில் 40 பேர் வருகிறார்கள், ஓர் இரவு தங்குகிறார்கள், அறைக்கு இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

அறை: 20 × ரூ.6,500 = ரூ.1,30,000, 5% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.1,36,500
சாப்பாடு, மூன்று வேளை: 40 × ரூ.1,800 = ரூ.72,000, 5% சேர்த்து ரூ.75,600
அரங்கு, மைக், பேனர்: ரூ.25,000
தாம்பரத்திலிருந்து பஸ், போக வர: ரூ.22,000
போட்டோ, வீடியோ: ரூ.20,000
நினைவுப் பரிசு, சிறிய மாக்கல் சிற்பம்: 40 × ரூ.450 = ரூ.18,000
ஆசிரியர்கள் ஐவருக்குக் கார், சால்வை: 5 × ரூ.2,500 = ரூ.12,500
கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் நுழைவுச் சீட்டு: 40 × ரூ.40 = ரூ.1,600
சில்லறைச் செலவு: ரூ.10,000
மொத்தம்: ரூ.3,21,200
தலைக்கு: ரூ.8,030

மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ரூ.2,12,100, படுக்கைக்கும் பந்திக்கும் போகிறது. நமக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்குப் போவது 100 ரூபாயில் 4 ரூபாய்கூட இல்லை. எதைப் பார்க்க மாமல்லபுரம் போகிறோம் என்று சொல்கிறோமோ அந்தப் பல்லவர் கோயில்களுக்கு 50 காசு. 1984-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம். இரண்டையும் ஒரே 40 ரூபாய்ச் சீட்டில் பார்க்கலாம், இணையத்தில் எடுத்தால் 35. பட்டியலில் பேரமே பேசத் தேவையில்லாத ஒரே வரி இதுதான்.

மாக்கல் சிற்பத்தை டி-ஷர்ட்டுக்குப் பதிலாகச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 18,000 ரூபாய் அந்த ஊர்ப் பட்டறைக்கே போகும். டி-ஷர்ட் என்றால் அளவு கேட்டே பாதி நட்பு போய்விடும்.

100 ரூபாய் செய்யும் வேலை

பேரம் பேசும்போது நம்மவர்கள் அறை வாடகையை மட்டும் பார்ப்பார்கள். வரி எந்த இடத்தில் தாவுகிறது என்பதைப் பொருளாளர் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் போனால் பழைய 18 சதவீதமே.

ரூ.7,500 அறை, வரியோடு: ரூ.7,875
ரூ.7,600 அறை, வரியோடு: ரூ.8,968

கூடுதலாகக் கேட்டது 100 ரூபாய். கையை விட்டுப் போவது 1,093. இருபது அறைக்கு ரூ.21,860. நம் பஸ் வாடகை கிட்டத்தட்ட அதிலேயே அடங்கிவிடும்.

சாப்பாட்டிலும் ஒரு சுழி உண்டு. முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையாவது ரூ.7,500-க்கு மேல் விட்ட ஹோட்டல் என்றால், அதன் வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கும் 18 சதவீதம். நாம் எடுத்தது 6,500 ரூபாய் அறையாக இருந்தாலும், பக்கத்துக் கடல் பார்த்த அறை விலையால் நம் இட்லியின் வரி ஏறும். 72,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு வரி 3,600-க்குப் பதில் 12,960. அட்வான்ஸ் கொடுக்கும் முன் "சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி எத்தனை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பில் வந்தபின் மேனேஜரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் சட்டப்படிதான் போட்டிருப்பார்.

தேதியும் பணம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் டிசம்பர் கடைசி வாரம் என்பார்கள். மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழாவும் அப்போதுதான் தொடங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டும் சேரும். அறை விலை இறங்காது. டிசம்பர் முதல் பாதிக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழை. 2022-ல் மாண்டஸ் புயல் டிசம்பர் 9 இரவில் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரம் அருகில்தான். பாதி அட்வான்ஸ் என்றால் அறைக்கு மட்டும் 68,250 ரூபாய் கடற்கரையில் கிடக்கும். ஜூலை கடைசியில் வைத்தால் அமெரிக்காவில் பள்ளி விடுமுறை. இங்கே புயல் இல்லை. வெயில் இருக்கும். அதை ஹாஸ்டல் மொட்டைமாடியிலேயே பழகியவர்கள்தானே.

வரவு: பாஸ்போர்ட்டின் நிறம்

கூடிச் சாப்பிடுவதோடு நின்றால் கணக்கு ஒரு நோட்டில் முடியும். "ஜூனியர்களுக்கு ஏதாவது செய்வோம்" என்று ஒருவர் எழுந்து சொன்னதும் சட்டம் உள்ளே வருகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. 7 பேர் கையெழுத்திட்டால் பதிவுக்குப் போகலாம். 20 உறுப்பினர் சேர்ந்துவிட்டால், அல்லது ஆண்டு வரவோ செலவோ ரூ.10,000-ஐத் தொட்டுவிட்டால், சங்கம் பதிவு செய்தாக வேண்டும். நம் எண்கள் 60-ம் 3,21,200-ம். சங்கமாக நன்கொடை வசூலிக்க ஆரம்பித்தால் இரண்டு எல்லையையும் முதல் நாளே தாண்டியிருப்போம்.

80ஜி சான்று உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. 10,000 ரூபாய் கொடுத்தவருக்கு 5,000 கழியும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம் 1,000 ரூபாயும் செஸ்ஸும். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு அதுவும் இல்லை. "வரி மிச்சமாகும்" என்று சொல்லி வசூலிப்பவர் முதலில் எதிராளி எந்த முறையில் இருக்கிறார் என்று கேட்பது நல்லது.

வெளிநாட்டுப் பணம் இன்னும் நுணுக்கம். துபாயில் வேலை பார்க்கும் நண்பர் இந்திய பாஸ்போர்ட்டோடு, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவருடைய 100 டாலரைச் சங்கம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதற்கு 3 ஆண்டு அனுபவமும், அந்த 3 ஆண்டில் நோக்கத்துக்காகச் செய்த ரூ.15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்குத்தான் வரும். ஒரே அறையில் மூன்று வருடம் படுத்த இருவரில் ஒருவர் காசு செல்லும், மற்றவர் காசு செல்லாது. அந்தப் பதிவு வைத்திருக்கும் கல்லூரிக்கு அவரை நேரடியாக அனுப்பச் சொல்வதே சின்னச் சங்கத்துக்கு வழி.

கல்லூரிகளுக்கும் இதில் அக்கறை உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் 7 அளவுகோல் முறையில் மொத்தம் 1,000 மதிப்பெண் இருந்தது. முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கு அதில் 10. ஆய்வுக் குழு வரும் ஆண்டில் நமக்குத் திடீரென்று கல்லூரியிலிருந்து அழைப்பு வந்ததன் விலை அந்தப் பத்து மதிப்பெண்.

வரவில்லை என்ற பத்தி

60-ல் 20 பேர் வரவில்லை. பெரும்பாலும் எதிர்பார்த்த காரணம்: லீவு இல்லை, மகளுக்குப் பொதுத்தேர்வு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எட்டாயிரம் கையில் இல்லாதவர்கள் அதைச் சொல்லாமல் இதில் ஒன்றைச் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருவரை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை எடுத்தார். "மச்சான், காசு விஷயம்னா நான் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஃபர்ஸ்ட் இயர்ல அந்த ராத்திரி என்னை என்ன பண்ணாங்கன்னு நீங்க ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சிரிப்பீங்க. அதைக் கேக்க நான் எட்டாயிரம் கட்டணுமாடா?" நோட்டில் காரணம் எழுதும் இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

ராகிங் செய்தவர்கள் அதைப் 'பழகுவதற்காக' என்பார்கள். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு ஒரு சீனியரால் கொல்லப்பட்டபின், அந்தச் சொல்லுக்கு மரியாதை போய்விட்டது. 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: 2 ஆண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம். யுஜிசியின் 2009 விதிகளிலும் தண்டனை உண்டு. உதவி எண் 1800-180-5522, நாள் முழுவதும்.

அதே 2009 விதிகளில் தண்டனையைவிட எனக்குப் பிடித்த ஒரு விகிதம் இருக்கிறது. புதிதாக வரும் ஆறு பேருக்கு ஒரு சீனியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு மேலே ஒரு மூத்த வழிகாட்டி. 36 புதியவர்களை 7 பேர் பார்த்துக்கொள்ளலாம். மெஸ்ஸில் எந்த வரிசை, எந்த சார் அட்டெண்டன்ஸில் கறார், ஊருக்குப் போக எந்த ரயில் என்று சொல்லிக்கொடுக்க ஆகும் செலவு ஒன்றும் இல்லை. செய்யாமல் விட்டதன் செலவு 25 ஆண்டு கழித்து வரவில்லை என்ற பத்தியில் வந்து உட்காருகிறது.

மறு கணக்கு

கடற்கரை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஒப்பிட்டு மட்டும் பார்ப்போம். அதே 40 பேர் கல்லூரிக்கே போய், மெஸ் சாப்பாடும் டீயும் 40 × 350 = ரூ.14,000, ஆசிரியர்களுக்கு அதே ரூ.12,500, மைக் ரூ.5,000, போட்டோ ரூ.5,000. மொத்தம் ரூ.36,500, தலைக்கு 913. வித்தியாசம் ரூ.2,84,700.

இதை எதால் அளப்பது? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-லும் வந்தன. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000. அந்த அளவுகோலில் நம் ஓர் இரவின் வித்தியாசம் 23 மாணவர்களின் ஓர் ஆண்டு.

இதைக் குழுவில் போட்டால் சண்டைதான் வரும், போடவில்லை. வேறொரு வரியைப் போட்டேன்: வருகிறவர், வராதவர் என்று பாராமல் 60 பேரும் ஆளுக்கு மாதம் 100 ரூபாய். ஆண்டுக்கு ரூ.72,000. பன்னிரண்டாயிரத்தால் வகுத்தால் ஆறு பேர், ஒரு சீனியருக்கு விதி ஒப்படைக்கும் அதே ஆறு பேர்.

பத்து நிமிடத்தில் இருபத்தெட்டு கட்டைவிரல் விழுந்தது. இரவு பதினொன்றரைக்கு, குழுவில் வாயே திறக்காத அந்த நண்பரிடமிருந்து எனக்குத் தனியாக ஜிபே வந்தது: ரூ.1,200, ஒரு வருடத்துக்குச் சேர்த்து. குறிப்பில் நான்கே சொல்: "ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு மட்டும்."

அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' அப்படியே இருக்கிறது. அடுத்த பத்தியில் 'கட்டினார்' என்று எழுதினேன்.