மல்டிபல் ஸ்கிலரோசிஸ்: தியானம் எதுவரை துணை வரும்?

தம்புன் வெந்நீர் ஊற்றில் சற்று நேரம் ஊறிவிட்டு வந்தால் மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் பறந்துவிடும் என்று ஈப்போவில் சொல்லாதவர்கள் குறைவு. மூட்டுவலிக்காரர்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். மல்டிபல் ஸ்கிலரோசிஸ் உள்ளவர் அதே நீரில் இறங்கினால் கதை வேறு. கொஞ்ச நேரத்தில் கண் மங்கும், கால் துவளும், கரையேறக் கைத்தாங்கல் வேண்டியிருக்கும். உடம்பு குளிர்ந்ததும் பெரும்பாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உடம்புச் சூடு ஏறும்போது பார்வை மங்குவதை 1890இல் எழுதிவைத்தவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன்பு, நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது!

மருத்துவர்கள் சுருக்கமாக 'எம்.எஸ்.' என்று சொல்லும் இந்த நோயில், உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கின்றன. மயலின் என்று அதற்குப் பெயர். அதன் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய தந்திக் கம்பியை நினைத்துக்கொள்ளலாம். ரப்பர் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே மலாய்க் காடுகளில் 'கெத்தா பெர்ச்சா' என்ற மரப்பால் எடுத்தார்கள். 1851இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அந்தப் பாலைத்தான் உறையாகச் சுற்றினார்கள். உறை கிழிந்தால் கம்பி இருந்தும் செய்தி போகாது. மயலின் போன நரம்பும் அப்படித்தான். நல்ல உறையுள்ள நரம்பில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறை தேய்ந்த இடத்தில் தடுமாறும், சில சமயம் நின்றே போகும். எந்த இடத்து உறை போனது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண்ணும் இன்னொருவருக்குக் காலும் பாதிக்கும், வேறொருவருக்குச் சிறுநீர் அடங்காது. சோர்வு மட்டும் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. தூங்கி எழுந்தும் தீராத சோர்வு.

1868இல் பாரிஸில் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்த காலத்திலிருந்து நெடுநாள் இது குளிர்நாட்டார் நோயாகவே கருதப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. 2020இல் உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு எம்.எஸ். இருந்ததாகக் கணக்கு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் மலேசியாவில் லட்சத்தில் ஒரு சிலருக்குத்தான் வருகிறது. பெண்களுக்கே அதிகம், அதுவும் இருபதுகளிலும் முப்பதுகளிலும், கைக்குழந்தையும் வேலையுமாக ஓடுகிற வயதில்.

அபூர்வமாக வருவதே இங்கே ஒரு தொல்லை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில் இது வந்தால் எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமல்ல. கண் மங்கினால் மூக்குக்கண்ணாடிக் கடை. கை மரத்தால் வாதம் என்று தைலம். ஆண்பிள்ளை தள்ளாடி நடந்தால் 'தண்ணி போட்டிருக்கான்' என்ற பேச்சு. இரண்டு மாதத்தில் எல்லாம் தானாகச் சரியாகும், ஏனென்றால் இந்த நோய் பலருக்கு வந்து வந்து போவது. அந்தச் சமயம் பார்த்து மந்திரித்திருந்தால் பெயர் மந்திரித்தவருக்கு. அடுத்த முறை வரும்போது 'யாரோ செஞ்சுட்டாங்க' என்று முடிவாகிவிடும். முன்பு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் இருந்தார், இப்போது அவரும் இல்லை. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் உறை எத்தனை இடத்தில் கிழிந்திருக்குமோ.

இன்னொரு சிக்கலும் ஆசியர்களுக்கு உண்டு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் மட்டும் தாக்கும் 'ஆசிய வகை எம்.எஸ்.' என்று கருதியதில் பெரும்பகுதி வேறு நோய் என்பது 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டறிந்தபோது தெளிவானது. அந்த நோய்க்குப் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்பெரான் ஊசி இதை மோசமாக்கும். ஆகவே தியானமோ மருந்தோ, முதலில் என்ன நோய் என்று தெரியவேண்டும்.

சரி, தியானத்துக்கு இதில் என்ன வேலை?

மனஅழுத்தத்துக்கும் நோய் திரும்பத் தாக்குவதற்கும் தொடர்பு இருப்பதாக நோயாளிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆராய்ச்சி அதை முழுசாக ஒப்புக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல்மீது ஏவுகணை விழுந்த நாட்களில் அங்குள்ள எம்.எஸ். நோயாளிகளுக்கு நோயின் தாக்குதல் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. 2006 லெபனான் போரின்போது ஹைஃபாவில் அது கூடியதாக இன்னொரு ஆய்வு வந்தது. திடீர் ஆபத்து ஒரு மாதிரி, நாள்தோறும் அரிக்கும் கவலை வேறு மாதிரி வேலை செய்கிறதோ என்று யோசிக்கவைக்கும் முரண் இது.

சிகாகோவைச் சேர்ந்த டேவிட் மோர் குழு 121 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மனஅழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி கொடுத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. 2012இல் முடிவு வந்தது. பயிற்சி நடந்த 24 வாரங்களில், பயிற்சி பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்குப் புதிய அழற்சிப் புள்ளிகள் தோன்றவில்லை. பெறாதவர்களில் அந்த அளவு 55 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயிற்சி நின்ற பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதல் பாதி மட்டும் சுற்றும்.

அந்தப் பயிற்சி தியானம் அல்ல, ஆலோசனை வகை. தியானத்தையே நேரடியாகச் சோதித்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த ஆய்வு (2010). 150 நோயாளிகள். பாதிப் பேருக்கு, 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. மூச்சைக் கவனிப்பது, உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது, மென்மையான யோகா. பௌத்த தியான மரபிலிருந்து சமயச் சாயல் நீக்கி எடுத்தது. மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பயிற்சி எடுத்தவர்களுக்குச் சோர்வும் மனச்சோர்வும் குறைந்தன, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆறு மாதம் கழித்தும் பலன் ஓரளவு தங்கியிருந்தது. குறை என்னவென்றால், மற்றவர்களுக்கு இதுபோல் கூடிப் பேசும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. பலன் தியானத்தாலா, வாரா வாரம் நம்மைப்போல் உள்ளவர்களோடு சேர்ந்திருந்ததாலா என்று பிரிக்க முடியாது. யோகாவுக்கும் இதே நிலைதான். 2004இல் ஒரீகனில் 69 பேரிடம் ஐயங்கார் யோகாவைச் சோதித்தபோது சோர்வு குறைந்தது. உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் அதே அளவு குறைந்தது.

தேய்ந்த உறையைத் தியானம் திரும்பப் போர்த்தியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. சோர்வையும் பயத்தையும் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. என் பார்வையில் அது சின்ன விஷயம் அல்ல. நாளை கால் நகருமா என்று தெரியாமல் படுக்கப்போகிறவருக்கு அந்த ராத்திரியைக் கடக்க ஒரு வழி வேண்டும்.

பயிற்சியை இந்த உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவேண்டும். சம்மணம் போட்டுத்தான் உட்காரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொடைத்தசை இறுகிப்போனவருக்குப் பத்மாசனம் தண்டனை. சாய்வு நாற்காலியோ படுக்கையோ போதும். மத்தியானம் துத்தநாகக் கூரைக்குக் கீழே வேண்டாம். விடிகாலையில், அன்று தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போன நேரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டு, வேண்டுமானால் கழுத்தில் ஈரத்துண்டும் போட்டுக்கொள்ளலாம். உடம்பைச் சூடாக்கும் வேகமான மூச்சுப் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. பெருவிரலில் தொடங்கி மேலே வரும் உடல் கவனிப்பில் ஒரு கஷ்டம் உண்டு. கால் மரத்தவருக்கு அந்தப் பெருவிரல் இருக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியாது, சிலருக்கு எரிச்சல் மட்டும் தெரியும். அங்கேயே நின்று தோண்டினால் பயம்தான் பெருகும். அவர்கள் உணர்வுள்ள இடத்திலிருந்து, உள்ளங்கையிலிருந்தோ மூக்கு நுனியிலிருந்தோ தொடங்கி, பாதத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்து வரலாம்.

மருந்தா தியானமா என்று கட்சி பிரிப்பவர்களுக்குப் பத்தமடை குப்புசாமியை நினைவூட்டவேண்டும். 1913இல் மலாயா வந்து சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூரிலும் நம்மவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1923இல் ஊர் திரும்பி, சுவாமி சிவானந்தராக ரிஷிகேசத்தில் உட்கார்ந்தார். உலகத்துக்கு யோகம் சொல்லிக்கொடுத்த அந்தத் துறவி, 1927இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். தியானம் தெரிந்தவர் மருந்தைக் கைவிடவில்லை.

எம்.எஸ். உள்ளவர்கள் தியான வகுப்பில் சேருவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் குரு யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். புதிதாகப் பார்வை மங்கினால், கால் விழுந்தால், மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கவலையில் பாதி பணக் கவலை, அதைத் தியானம் தீர்க்காது. சந்தா கட்டிய தொழிலாளி இந்த நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மருத்துவ வாரியம் பார்த்து முடிவு சொல்லும்.