அம்மாவின் தொலைபேசியில் வந்த 412 செய்திகளும் ஓர் அடகுச் சீட்டும்

சென்ற வருடம் கிளிநொச்சியிலுள்ள அம்மாவிடம் போயிருந்தபோது, “போனிலை இடமில்லையாம், ஒருக்காப் பார் பிள்ளை” என்று கையடக்கத் தொலைபேசியை நீட்டினார். குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்தேன். வாசிக்கப்படாதவை 412. உடுப்புக்கடைக் கழிவு, டேட்டா பக்கேஜ், கடனட்டை, காணி விற்பனை, சோதிடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். இடையில் வங்கியொன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி இருந்தது. அம்மா அடகு வைத்திருந்த சங்கிலியின் தவணை முடிவடைகிறது, மீட்கவோ புதுப்பிக்கவோ தவறினால் ஏலத்துக்குப் போகும் என்று அதில் எழுதியிருந்தது. திகதிக்கு நான்கு நாட்கள்தான் மிச்சம்.

“உதுகளை நான் பாக்கிறேல்லை. எல்லாம் விளம்பரம்தானே” என்றார் அம்மா.

மறுநாள் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்தோம். சங்கிலி தப்பியது. இந்த விளம்பரங்களை அதுவரை வெறும் தொல்லையாகத்தான் நானும் நினைத்திருந்தேன். குப்பைக்குள் கிடக்கும் அவசியமான கடிதம் ஒருவருடைய நகையையே கொண்டுபோகக்கூடும் என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு அம்மாவின் தொலைபேசியிலும் என்னுடையதிலும் செய்து பார்த்தவற்றை இங்கே சொல்கிறேன்.

இலக்கம் எப்படிப் போகிறது?

பெரும்பாலும் நாங்களே கொடுத்துவிடுகிறோம். சுப்பர் மார்க்கெட் காசாளர் “நம்பரைச் சொல்லுங்கோ” என்றால் சொல்கிறோம். புள்ளி அட்டை, அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக் கூப்பன், முகநூலில் வரும் “விபரம் அறிய இலக்கத்தைப் பதியவும்” என்ற படிவம், ரீலோட் கடைக் கொப்பி எல்லாமே வாசல்கள்தான். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், விளம்பரம் அனுப்ப நாம் சம்மதம் தந்ததாக ஒரு வரி இருக்கும்.

நாங்கள் எங்கும் கொடுக்காமலும் விளம்பரம் வரலாம். தொலைபேசி நிறுவனங்கள் தமது வாடிக்கையாளர்களுக்கு விளம்பரம் அனுப்பும் சேவையை வியாபாரிகளுக்கு விற்கின்றன. இந்தப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள் என்று கடைக்காரர் பணம் கட்டினால் போதும். உங்கள் இலக்கம் அவருக்குத் தெரியாமலேயே செய்தி உங்களிடம் வந்துவிடும்.

மூன்று வகை, மூன்று வழி

முதலாவது, தொலைபேசி நிறுவனமே அனுப்புபவை. இவற்றுக்கு உங்கள் சிம்மிலிருந்தே வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, “விளம்பரக் குறுஞ்செய்திகளையும் விளம்பர அழைப்புகளையும் நிறுத்துங்கள்” என்று தமிழிலேயே கேளுங்கள். என் இலக்கத்தில் என்னென்ன கட்டணச் சேவைகள் ஓடுகின்றன என்ற கேள்வியையும் அதே அழைப்பில் கேளுங்கள். அம்மா தெரியாமல் எதையோ அழுத்தியதில் ஒரு சோதிடச் சேவை அவருடைய ரீலோட்டிலிருந்து நாள்தோறும் காசு வெட்டிக்கொண்டிருந்தது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, கடைகளும் நிறுவனங்களும் அனுப்புபவை. இவை இலக்கத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரில் வருவதால் பதில் அனுப்பி நிறுத்த முடியாது. ஆனால் பல செய்திகளின் கடைசி வரியில் விலகும் வழி இருக்கும்: இன்ன சொல்லை இன்ன இலக்கத்துக்கு அனுப்புங்கள் என்று. தெரிந்த நிறுவனமென்றால் அதைப் பயன்படுத்தலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் செய்தியை அழுத்திப் பிடித்து, தொலைபேசியிலேயே அந்தப் பெயரைத் தடை செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வங்கியின் பெயரைத் தடை செய்யாதீர்கள். கடனட்டை விளம்பரமும் அடகு நினைவூட்டலும் ஒரே பெயரில் வரலாம். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும். நான் வங்கிக் கிளைக்குப் போய், விளம்பரம் வேண்டாம், கணக்கு மற்றும் அடகு பற்றிய அறிவித்தல்கள் மட்டும் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். நினைவூட்டல் வர இரண்டாவது இலக்கமாக என்னுடையதையும் சேர்த்தேன்.

மூன்றாவது, மோசடிகள். பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் தேங்கி நிற்கிறது, கணக்கு முடக்கப்படும் என்று இணைப்புடன் வருபவை. இவற்றுக்குப் பதில் அனுப்பவே கூடாது. “விலக இங்கே அழுத்தவும்” என்பதும் பொறிதான். அழுத்தினால், இந்த இலக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தடை செய்து அழித்துவிடுங்கள். ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

அழைப்பு வந்தால்

முன்பெல்லாம் நான் கோபத்தில் வெட்டிவிடுவேன். அடுத்த கிழமை வேறொருவர் எடுப்பார். இப்போது மூன்று விடயங்களைக் கேட்கிறேன்: எந்த நிறுவனம், என் இலக்கம் எங்கிருந்து கிடைத்தது, பட்டியலிலிருந்து நீக்குவீர்களா? பிறகு, “இனி அழைக்க எனக்குச் சம்மதம் இல்லை, அதைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று சொல்கிறேன். பேசுபவர் பெரும்பாலும் நாளுக்கு இத்தனை அழைப்பு என்ற கணக்கில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. அவரை ஏசிப் பயனில்லை. பதியச் சொல்வதில்தான் பயன் இருக்கிறது.

தொலைபேசியிலும் சில வசதிகள் உண்டு. வட்ஸ்அப்பில் தனியுரிமைப் பகுதிக்குள் அறிமுகமற்ற அழைப்புகளைச் சத்தமின்றி வைக்கலாம். ஐபோனிலும் அப்படியொரு வசதி இருக்கிறது. அன்ட்ரோய்டின் குறுஞ்செய்திச் செயலியில் ஸ்பாம் பாதுகாப்பை இயக்கலாம். அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் மட்டும் செய்து கொடுத்தேன். சாதாரண அழைப்புகளில் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தோ கிராம அலுவலரிடமிருந்தோ வரும் அழைப்பும் அவருக்குத் தெரியாத இலக்கம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1909 என்ற இலக்கத்தின் மூலம் விளம்பரம் வேண்டாமென்று பதியலாம். சிங்கப்பூரில் 2014 முதல் அழைக்கக்கூடாத இலக்கங்களுக்கான தேசியப் பதிவேடு இயங்குகிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதம் தந்தவருக்கு மட்டுமே இத்தகைய செய்திகளை அனுப்பலாம், கட்டணமின்றி விலகும் வழியையும் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடமுண்டு. ஆனால் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. அதே வருடம் சட்டம் திருத்தப்பட்டது. புத்தகத்தில் இருக்கும் உரிமை அம்மாவின் தொலைபேசிவரை வர இன்னும் தூரம் இருக்கிறது.

அதுவரை கையில் இருப்பது முறைப்பாடுதான். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பலனில்லையென்றால், தொலைபேசி நிறுவனங்கள் பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் 1900 இலும், வங்கிகள், நிதி நிறுவனங்கள் பற்றி மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடம் 1935 இலும் முறையிடலாம். எழுதி வைத்த திகதிகள் அப்போது உதவும்.

இனிப் புதிதாகப் போகாமலும் பார்க்க வேண்டும். காசாளர் இலக்கம் கேட்டால், “எதற்கு?” என்று கேளுங்கள். இலக்கம் இல்லாமலும் பில் போடலாம். இணையப் படிவங்களுக்கென்று பழைய சிம் ஒன்றை வைத்திருப்பதும் நல்லது.

இவ்வளவும் செய்தபின் விளம்பரம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் நாளுக்குப் பத்தாக வந்தது கிழமைக்கு நாலைந்தாகக் குறைந்திருக்கிறது. அம்மா திரும்பவும் செய்திகளைத் திறந்து பார்க்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. தைப்பொங்கல் கழிவை அழகான தமிழில் அனுப்பும் நிறுவனங்கள், விலகும் வழியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகின்றன. ஏல அறிவித்தலும் ஆங்கிலத்தில்தான் வந்தது. அன்று வங்கியிலிருந்து திரும்பும்போது அம்மா சொன்னார்: “தமிழிலை வந்திருந்தால் நானே பாத்திருப்பன். உன்னைக் காத்திருக்கத் தேவையில்லை.”